ஆஸ்பத்திரி வாயிலில் பிறந்த உரிமை

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் குடியேறியவர்க்கு நாளடைவில் அந்நகரத்தின் வீதிகள் பழகிவிடுகின்றன. கடைத்தெரு பழகிவிடுகிறது. அண்டை வீட்டாரின் மொழியும் அரைகுறையாகவேனும் நாவுக்கு வசப்பட்டுவிடுகிறது. எளிதில் பழகாமல் நிற்பது ஆஸ்பத்திரி ஒன்றுதான். சொந்த ஊராயின், நள்ளிரவில் ஒருவருடைய உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் எந்த டாக்டரின் கதவைத் தட்டுவது, யாரைச் சிபாரிசுக்கு அழைப்பது என்பது வீட்டிலுள்ள சிறுவர்க்கும் தெரிந்திருக்கும். மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, ஜாம்ஷெட்பூரிலோ அதே ஆபத்து நேருமாயின், அறிந்தவர் எவருமில்லாத ஒருவரை ஆஸ்பத்திரியின் வாயில் ஏற்குமா, மறுக்குமா? ஏற்றே ஆகவேண்டும் என்று இன்று நம் நாட்டில் சட்டம் சொல்லுகிறது. அந்தச் சட்டம் உண்டான வரலாற்றையே இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதனை நமக்குப் பெற்றுத் தந்தவர்களுள் ஒருவர், நிலமோ செல்வாக்கோ இல்லாத ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி.

மேற்கு வங்கத்தில், சியால்தா நிலையத்திலிருந்து தெற்கே சுந்தரவனத்தை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் மதுராபூர் என்றோர் ஊர் உண்டு. 1992-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 8-ஆம் தேதி, இரவு எட்டு மணிக்குச் சற்று முன்னர், அந்த நிலையத்தில் ஒருவர் ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. மூளைக்குள் ரத்தக் கசிவு. அங்கிருந்தோர் அவரை ஊரிலிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் சென்றனர். அங்கே இத்தகைய காயத்துக்குச் சிகிச்சை செய்யும் வசதி இல்லை. டயமண்டு ஹார்பர் ஆஸ்பத்திரிக்கோ வேறோர் அரசாங்க ஆஸ்பத்திரிக்கோ கொண்டு செல்லுமாறு எழுதிக் கொடுத்தார்கள்.

இரவு 11.45 மணிக்கு அவர் கல்கத்தா நகரில் (கொல்கத்தாவுக்கு அந்நாளில் வழங்கிய பெயர் அது) நீல் ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்பட்டார். அங்கே மண்டையோட்டை இரண்டு எக்ஸ்ரே படங்கள் எடுத்தனர். உடனே சேர்த்துச் சிகிச்சை செய்யவேண்டிய நிலைதான் என்று டாக்டரே எழுதினார். ஆனால் அவசர ரண சிகிச்சைப் பிரிவில் படுக்கை காலியில்லை. பொது ரண சிகிச்சைப் பிரிவிலும் இடமில்லை. நள்ளிரவு கடந்து 12.20 மணிக்குக் கல்கத்தா மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி: அங்கும் படுக்கை இல்லை. ஒரு மணிக்குச் சம்புநாத் பண்டிட் ஆஸ்பத்திரி: அங்கே மூளை, நரம்பு சம்பந்தமான அவசரப் பிரிவே கிடையாது. இரண்டு மணிக்குக் கல்கத்தா நேஷனல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி: படுக்கை இல்லை. பொழுது விடிந்தது. காலை எட்டு மணிக்கு பாங்கூர் நரம்பியல் நிலையம்: சி.டி. ஸ்கேன் என்னும் உட்படம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எடுக்கப்பட்டிருந்தது. அதற்கு ரூ. 1,310 கட்டணம், அவரே செலுத்தவேண்டியதாயிற்று. படத்தைப் பார்த்தபின், அவசர நோயாளியே எனினும் இங்கே சேர்த்துக்கொள்ள இயலாது என்றனர். பத்து மணிக்கு எஸ்.எஸ்.கே.எம். ஆஸ்பத்திரி: அங்கும் அதே விடை.

மதுராபூரையும் சேர்த்து எண்ணினால் ஏழு அரசாங்க வைத்திய ஸ்தாபனங்கள். பதினான்கு மணி நேரம். இறுதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஜூலை 22 வரையில் அங்கே இருந்து உயிர் பிழைத்தார். செலவு ஏறத்தாழ ரூ. 17,000. அன்றாடக் கூலியில் வாழ்பவருக்கு அத்தொகையின் கனம் எத்தகையது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நேயர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அந்த இரவில் எந்த டாக்டரும் அவரை ஏசவில்லை. இலஞ்சம் கேட்டதாகவும் செய்தியில்லை. ஒவ்வொருவரும் பரிசோதித்தார், ஒவ்வொருவரும் சீட்டு எழுதினார், ஒவ்வொருவரும் அடுத்த வாயிலைச் சுட்டினார். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. சேர்த்துப் பார்த்தாலோ, சாகும் தறுவாயிலிருந்த ஒருவர் ஒரு பெருநகரத்தின் ஆறு ஆஸ்பத்திரிகளை வலம் வந்தார் என்பதே மிஞ்சுகிறது.

இந்நிலை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, சுதந்திரத்துக்கு முற்பட்ட காலத்துக்குச் சற்றே செல்லவேண்டும். 1943-ஆம் ஆண்டு அக்டோபரில், யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, இந்தியாவின் சுகாதார நிலையை ஆராய்ந்து திட்டம் வகுக்கும்படி ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் தலைவர் சர் ஜோசப் போரே. சென்னைப் பல்கலைக் கழகத்தின் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை விளங்கிய டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அதன் உறுப்பினர்களுள் ஒருவர். 1946-இல் வெளிவந்த அவ்வறிக்கையைப் புரட்டினால் அந்நாளைய இந்தியாவின் உடல்நிலை கண்முன் நிற்கும். பிறந்த குழந்தையின் எதிர்பார்க்கத்தக்க ஆயுள் சுமார் 27 ஆண்டுகள். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. ஏறக்குறைய 6,300 பேருக்கு ஒரு டாக்டர். 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்.

எண்ணிக்கைப் பஞ்சத்தைக் காட்டிலும் என் மனத்தைத் தைத்த செய்தி ஒன்று அவ்வறிக்கையில் உண்டு. குழுவினர் சில வைத்தியசாலைகளைப் பார்வையிட்டபொழுது, ஒரு நோயாளிக்கு டாக்டர் எவ்வளவு நேரம் செலவிடுகிறார் என்று கணக்கிட்டனர். ஓரிடத்தில் சராசரி 48 விநாடிகள். மற்றோரிடத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம். நோயாளி தம் நோயைச் சொல்லி முடிப்பதற்கே அந்நேரம் போதாது. சிகிச்சையின் தரம் என்று இன்று நாம் பேசும் பொருளை, கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அளந்தவர்கள் அவர்கள்.

பணம் கொடுக்க இயலாமையால் எவருக்கும் தக்க வைத்தியம் கிட்டாமற்போகலாகாது என்பது அக்குழு தன் திட்டத்துக்கு அடிப்படையாகக் கொண்ட கொள்கை. கிராமங்களுக்கு ஆரம்ப நிலையங்கள். அவற்றின் மேல் படிப்படியாகப் பெரிய ஆஸ்பத்திரிகள். அடியிலுள்ளதற்கு இயலாததை மேலுள்ளது ஏற்கும். இதுவே அவர்கள் வரைந்த அமைப்பு. 1952-ஆம் ஆண்டு சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றலாயின. 1959-இல் நியமிக்கப்பட்ட இரண்டாம் குழுவுக்கு லட்சுமணசாமி முதலியாரே தலைவரானார். புதிய நிலையங்களைத் திறந்துகொண்டே போவதைவிட, இருப்பவற்றை வலுப்படுத்துங்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளில் சிறப்பு மருத்துவர்களை அமர்த்துங்கள் என்று அவர் குழு வற்புறுத்தியது. மதுராபூரில் அன்றிரவு குறைவுபட்டது இதுதான். அடிப்படியும் இருந்தது, மேற்படிகளும் இருந்தன. ஒரு படியிலிருந்து மறுபடிக்கு நோயாளியை ஒப்படைக்கும் கை இல்லை.

திட்டம் இருந்ததேயன்றி, அதைக் கேட்டுப் பெறும் உரிமை மக்களுக்கு இருந்ததா? அரசியல் சாசனத்தின் 47-ஆம் பிரிவு, பொதுச் சுகாதாரத்தை உயர்த்துவது அரசின் தலையாய கடமைகளுள் ஒன்று என்று கூறுகிறது. ஆனால் அது நெறிகாட்டும் கோட்பாடுகளைச் சேர்ந்தது. அப்பகுதியிலுள்ளவற்றைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்காட முடியாது என்று 37-ஆம் பிரிவு தெளிவாகவே சொல்லிவிட்டது. எனவே சுதந்திரம் பெற்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வரையில், ஆஸ்பத்திரி வாயிலில் மறுக்கப்பட்டவருக்கு மனக்குறை இருந்தது, வழக்கிட வழியில்லை.

முதல் வழி டெல்லியில் நிகழ்ந்த ஒரு சாவினால் திறந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரை வேகமாக வந்த மோட்டார் கார் மோதிவிட்டுச் சென்றது. சாலையில் சென்ற ஒருவர் மனமிரங்கி அவரை அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ‘இது போலீஸ் கேஸ், இத்தகைய கேஸ்களை ஏற்க எங்களுக்கு அதிகாரமில்லை, இருபது கிலோமீட்டர் தூரத்திலுள்ள இன்ன ஆஸ்பத்திரிக்குப் போங்கள்’ என்று அங்கே கூறிவிட்டார்கள். போகும் வழியிலேயே அடிபட்டவர் உயிர் நீத்தார். இச்செய்தி இந்துஸ்தான் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்தது. பரமானந்த் கட்டாரா என்னும் மனித உரிமைத் தொண்டர் அந்தப் பத்திரிகைச் செய்தியையே இணைத்து, 1988-இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார்.

இவ்விடத்தில் டாக்டர்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். அடிபட்டவரைத் தொட்ட டாக்டருக்கு அந்நாளில் நேர்ந்த தொல்லைகள் சிறியனவல்ல. போலீஸார் பலமுறை வந்து வாக்குமூலம் கேட்பார்கள். பின்னர்க் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். நோயாளிகளை விட்டுவிட்டு நாள்முழுதும் கோர்ட்டுத் தாழ்வாரத்தில் நின்று, வழக்கு ஒத்திவைக்கப்பட்டதென்று கேட்டுத் திரும்பவேண்டும். இவற்றுக்கு அஞ்சியே பலர், போலீஸ் வரட்டும் என்று கைகட்டி நின்றனர். போலீஸுக்காகக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்கலாம் என்று 1985, 1986 ஆண்டுகளிலேயே அதிகாரிகள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தனர். அம்முடிவு காகிதத்தில் இருந்தது. வாயிற்படிக்கு வந்து சேரவில்லை. எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு தடையைச் சட்டமென்றே எண்ணி மக்களும் டாக்டர்களும் அஞ்சிக் கிடந்தனர் என்பது இதில் வியப்பு.

1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதிகள் ரங்கநாத் மிஸ்ரா, ஜி.எல். ஓஸா இருவரும் தீர்ப்பளித்தனர். அரசாங்க டாக்டராயினும் தனியார் டாக்டராயினும் உயிரைக் காக்கத் தம் திறமையைச் செலுத்தவேண்டிய கடமை ஒவ்வொருவருக்கும் உண்டு. அக்கடமையைத் தாமதப்படுத்த எந்தச் சட்டமும் குறுக்கே வரலாகாது. அடிபட்டவர் குற்றமற்றவரா குற்றவாளியா என்பது அப்போதைய கேள்வியன்று. இன்றியமையாத இடங்களிலன்றி டாக்டர்களைச் சாட்சிக் கூண்டுக்கு அழைத்து அலைக்கழிக்கலாகாது என்றும் நீதிபதிகள் போலீஸாருக்கும் கீழ்க் கோர்ட்டுகளுக்கும் எடுத்துரைத்தனர். கடமையை விதித்தவர்கள் அதன் சுமையையும் குறைக்க முயன்றார்கள். அதனால்தான் அத்தீர்ப்பு நின்றது என்பது என் எண்ணம்.

அத்தீர்ப்பில் இன்னொரு கட்டளையும் இருந்தது. இதன் படிகள் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரிக்கும் அனுப்பப்படவேண்டும். தேசியப் பத்திரிகைகளும், தூர்தர்ஷனும், அகில இந்திய வானொலியும் இதை மக்களுக்குப் பரவலாக அறிவிக்கவேண்டும். ஒரு தீர்ப்பை வானொலியில் ஒலிபரப்புமாறு நீதிமன்றமே சொல்லுவது வழக்கமன்று. ஊரறியாத உரிமை இருந்தும் இல்லாததே என்பதை நீதிபதிகள் உணர்ந்திருந்தனர். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலான பின்னும் இவ்வுரையைக் கேட்பவருள் பலருக்கு இது புதிய செய்தியாக இருக்குமாயின், அக்கட்டளை இன்னும் முழுதும் நிறைவேறவில்லை என்றே கொள்ளவேண்டும்.

1994-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டபோது இத்தீர்ப்பின் சாரம் 134-ஆம் பிரிவில் இடம்பெற்றது. விபத்தில் அடிபட்டவரை எந்தச் சடங்குமுறைக்கும் காத்திராமல் உடனே கவனிப்பது டாக்டரின் கடமை என்று பிரிவு கூறுகிறது. டெல்லியில் மாண்ட அந்த ஸ்கூட்டர்க்காரரின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. அவர் சாவு மட்டும் அந்த வரியில் இருக்கிறது.

மீண்டும் கல்கத்தாவுக்கு வருவோம். ஆஸ்பத்திரியிலிருந்து மீண்ட அத்தொழிலாளி, பஷ்சிம் பங்கா கேத் மஜ்தூர் சமிதி என்னும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்தவர். தனி மனிதராயிருந்தால் அந்த இரவைத் தலைவிதி என்று எண்ணி மறந்திருப்பார். சங்கம் மறக்கவில்லை, அவரோடு சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இங்கே பிரச்சினை டெல்லியிலிருந்து வேறுபட்டது. போலீஸ் அச்சம் யாருக்கும் இல்லை. படுக்கை இல்லை என்பதே விடை. இடமில்லாததற்கு யார் மீது வழக்கிடுவது?

இதே காலத்தில் நோயாளிகளின் உரிமை வேறொரு வழியாகவும் வளர்ந்துகொண்டிருந்தது. 1986-இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. குறைபட்ட பொருளுக்கும் குறைபட்ட சேவைக்கும் நஷ்ட ஈடு கேட்கலாம் என்றது அச்சட்டம். வைத்தியமும் அத்தகைய சேவைதானா? சென்னை உயர் நீதிமன்றம் 1994-இல், நோயாளியை நுகர்வோர் என்று கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. வேறிடங்களில் இதற்கு மாறான தீர்ப்புகள் வந்தன. இந்திய மருத்துவச் சங்கமே உச்ச நீதிமன்றம் சென்றது. 1995 நவம்பர் 13-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் முடிவு கூறினர்: கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் சட்டத்துக்கு உட்பட்டதே. கவனக் குறைவால் தீங்கு நேர்ந்தால் நோயாளி நுகர்வோர் மன்றத்தில் முறையிடலாம்.

நன்று. ஆனால் அத்தீர்ப்பில் ஒரு வேலியும் இருந்தது. எல்லோருக்கும் எக்காலமும் இலவசமாகவே வைத்தியம் செய்யும் இடங்கள், அரசாங்க ஆஸ்பத்திரியாயினும் தரும ஆஸ்பத்திரியாயினும், அச்சட்டத்துக்கு வெளியே நின்றன. பணம் கொடுத்தவர் நுகர்வோர் ஆனார். கொடுக்க இயலாதவர் யார் ஆனார்? கல்கத்தா வீதிகளில் ஓரிரவு முழுதும் சுற்றிய தொழிலாளி வேலிக்கு அப்பால் நின்றார்.

அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி எஸ்.சி. அகர்வால். ஆறு மாதம் நிறையுமுன், 1996 மே 6-ஆம் தேதி, தொழிலாளியின் வழக்கிலும் தீர்ப்பு எழுதியவர் அவரே. உடனமர்ந்தவர் நீதிபதி ஜி.டி. நானாவதி. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால், முதலாவதில் விட்ட இடத்தை இரண்டாவது நிரப்புவது விளங்கும். பணம் கொடுக்காதவர் நுகர்வோர் அல்லராயினும் குடிமகன் அன்றோ? அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைத் தருகிறது. அரசாங்க ஆஸ்பத்திரி, வேண்டிய நேரத்தில் வேண்டிய சிகிச்சையைத் தரத் தவறினால் அவ்வுரிமை மீறப்படுகிறது என்று தீர்ப்புக் கூறியது. தொழிலாளிக்கு ரூ. 25,000 நஷ்ட ஈடு வழங்குமாறு மேற்கு வங்க அரசுக்கு ஆணையிட்டது.

நஷ்ட ஈட்டைவிடப் பெரிது தீர்ப்பின் மறுபாதி. ஓய்வு பெற்ற நீதிபதி லீலாமய் கோஷ் தலைமையில் மாநில அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்திருந்தது. படுக்கை இல்லை என்ற விடையை அக்குழு அப்படியே ஏற்கவில்லை. தள்ளுகட்டிலிலோ தரையிலோ கிடத்தியாவது உயிரைக் காத்திருக்கலாமே என்று கேட்டது. எந்த ஆஸ்பத்திரியில் எத்தனை படுக்கை காலியென்று உடனுக்குடன் அறிந்து சொல்ல, வயர்லெஸ் வசதியுள்ள ஒரு மத்தியப் படுக்கை நிலையம் வேண்டும் என்று ஆலோசனை கூறியது. கேட்பதற்கு எளிய யோசனை. அன்றிரவு அத்தகைய நிலையம் ஒன்று இருந்திருந்தால், முதல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்திருக்கும். நோயாளியே தூதுவராக வாசல் வாசலாய்ப் போயிருக்க வேண்டியதில்லை.

நீதிமன்றம் அவற்றை ஏற்று மேலும் விரித்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதற் சிகிச்சை செய்து நோயாளியின் நிலையைத் தாங்கி நிறுத்தும் வசதி வேண்டும். மாவட்ட, உட்கோட்ட ஆஸ்பத்திரிகளைக் கடும் காயங்களுக்குச் சிகிச்சை தரும் அளவுக்கு உயர்த்தவேண்டும். கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வண்டிகள் வேண்டும். இவற்றுக்குப் பணம் வேண்டாமா? வேண்டும் என்று நீதிபதிகளே ஒப்புக்கொண்டனர். ஏழைக் கைதிக்கு இலவச வக்கீல் அமர்த்தும் கடமையில் பணமில்லை என்ற சாக்கு செல்லாதென்று முன்னரே தீர்ப்பாகியிருந்தது. உயிரைக் காக்கும் கடமைக்கும் அதுவே பொருந்தும் என்றனர். மேற்கு வங்கத்துக்குச் சொன்னது மற்ற மாநிலங்களுக்கும் உரியது என்று சேர்த்தனர். மதுராபூரில் விழுந்தவர் பெற்றது இவ்வாறு பாரதம் முழுமைக்கும் பொதுவாயிற்று.

தீர்ப்பு வந்ததும் நாடெங்கும் படுக்கைகள் முளைத்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2006-இல், சட்டக் கமிஷன் தன் 201-ஆவது அறிக்கையில் இதே பொருளை எடுத்துக்கொண்டு, அவசர நோயாளிகளையும் பிரசவ வேதனையிலுள்ள பெண்களையும் திருப்பியனுப்புதல் பற்றித் தனிச் சட்டமே வேண்டும் என்று எழுதவேண்டி வந்தது. ஆயினும் சில மாற்றங்கள் கண்ணுக்குப் புலப்பட்டன. 2005 ஆகஸ்டில் ஹைதராபாத்தில் 108 என்னும் எண்ணில் ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. 2008-இல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. பல மாநிலங்களில் பரவியது. 2010-இல் பாராளுமன்றம் இயற்றிய மருத்துவ நிலையங்கள் பதிவுச் சட்டம், தன்னிடம் வரும் அவசர நோயாளியின் நிலையைச் சீராக்கும் கடமையைத் தனியார் ஆஸ்பத்திரிகள் மீதும் சுமத்தியது. ஆனால் அது ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டைப் போன்ற சில மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. நாம் குடியிருக்கும் மாநிலத்தில் எது நடப்பில் உள்ளதென்று கேட்டு வைத்துக்கொள்வது வீண் வேலையன்று.

அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு இருந்த அச்சம் 2016-இல்தான் தீர்ந்தது. அவ்வாண்டு மார்ச் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட விதிகளின்படி, உதவி செய்தவர் தம் பெயரையோ முகவரியையோ கூறவேண்டிய கட்டாயமில்லை. ஆஸ்பத்திரி அவரைத் தடுத்து நிறுத்தவோ பணம் கேட்கவோ கூடாது. 2019-இல் இது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134-ஏ பிரிவாக அமைந்தது. அயல் மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இது மிகவும் வேண்டியதொன்று. போலீஸ் நிலையத்தில் மொழி தெரியாமல் விழிப்போமோ என்று அஞ்சி, சாலையில் கிடப்பவரைக் கண்டும் காணாதவராய்ப் போனவர்கள் நம்மில் இல்லையென்று சொல்ல முடியாது.

1989-இல் தீர்ப்பளித்த ரங்கநாத் மிஸ்ராவே 1993-இல் தேசிய மனித உரிமைக் கமிஷனின் முதல் தலைவரானார். அக்கமிஷன் 2018-இல் நோயாளிகளின் உரிமைகளைப் பதினேழாக வகுத்து ஒரு சாசனம் வெளியிட்டது. அவசர சிகிச்சை பெறுதல், நோயைப் பற்றி விளக்கம் கேட்டல், ரண சிகிச்சைக்கு முன் அறிந்து சம்மதம் தருதல், இன்னொரு டாக்டரின் கருத்தை நாடுதல், கட்டணத்தை முன்னரே அறிதல் முதலியன அதில் உள. பில் பாக்கிக்காக நோயாளியையோ இறந்தவர் உடலையோ நிறுத்திவைக்கலாகாது என்பதும் ஒன்று. சாசனம் தானாகச் சட்டமாகிவிடாது, மாநிலங்கள் ஏற்றுக்கொள்ளவேண்டும். ஆனால் அதிலுள்ள பலவும் முன்னரே சட்டத்தில் இருப்பவையே. எடுத்துக்காட்டாக, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைத் தரவேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. தொடர்ந்து சிகிச்சை பெறச் சொந்த ஊருக்குத் திரும்புபவர் இக்குறிப்புகளை விட்டுவிட்டு ரயிலேறலாகாது.

யார் செலவை ஏற்பது என்ற கேள்வி மட்டும் எல்லாவற்றிற்கும் அடியில் கிடந்தது. 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சட்டசபை சுகாதார உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது அது வெளிப்பட்டது. முன்பணம் கேளாமல் அவசர சிகிச்சை தரவேண்டும் என்றது சட்டம். அப்படியாயின் எங்கள் செலவை யார், எப்போது தருவார் என்று கேட்டுத் தனியார் டாக்டர்கள் கிளர்ச்சி செய்தனர். உரிமையை எழுதுவதோடு கடமை தீர்ந்ததென்று எண்ணும் அரசுகளுக்கு அக்கேள்வி அசௌகரியமானது, ஆயினும் நியாயமானது.

தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் ஒன்று இக்கேள்விக்கு ஒரு விடை கண்டது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை, வரையறுத்த அளவுக்கு, அரசே ஏற்கும். அவர் தமிழ்நாட்டவரா பிற மாநிலத்தவரா என்று பார்ப்பதில்லை. நாம் கொல்கத்தாவில் எதை எதிர்பார்க்கிறோமோ, அதைச் செங்கற்பட்டுச் சாலையில் அடிபட்ட வங்காளக் கொத்தனார் அங்கே பெறுகிறார். நாடு தழுவிய அளவில் இதைப் பெற வழக்காடியவரும் ஒரு தமிழர்; கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துகள் குறித்து அவர் 2012-இல் தொடுத்த வழக்கில், அடிபட்டவரிடம் பணம் பெறாமல் சிகிச்சை செய்யும் திட்டத்தை வகுக்குமாறு 2025 ஜனவரி 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. அவ்வாண்டு மே மாதம் திட்டம் அறிவிக்கப்பட்டது. விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஏழு நாள் வரையில், ரூ. 1.5 லட்சம் வரையில், எந்த மாநிலத்திலும் குறிக்கப்பட்ட ஆஸ்பத்திரியில் பணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

இத்திட்டம் மோட்டார் வாகனத்தால் சாலையில் விளையும் விபத்துகளுக்கே உரியது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுபவர் இதில் சேரார். மதுராபூர் நிலையத்தில் இன்றிரவு ஒருவர் விழுந்தால், அவரைத் தூக்கிச் செல்பவர்கள் ஆஸ்பத்திரி வாயிலில் முதலில் எடுத்துச் சொல்லவேண்டியது, அதே இடத்தில் விழுந்தவர் 1996-இல் வென்ற தீர்ப்பையே.